எடைக்கல்லில் முத்திரை எங்கே?





நெய்வேலிப் பக்கம் ஒரு ஜும்ஆவை முடித்துக்கொண்டு பண்ருட்டிக்குத் திரும்பும் வழியில், காடாம்புலியூரில் முந்திரிக்கொட்டை வியாபாரம் செய்யும் ஒரு சகோதரரின் கடையில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். கல்லூரியில் படிக்கும் அவருடைய மகன் செல்போனை நீட்டி, "ஹஜ்ரத், இதைப் பாருங்கள்" என்றான். 'கண்காணிக்கப்பட வேண்டிய தீவிரவாத அமைப்புகள்' என்ற தலைப்பில் வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த ஒரு பட்டியல். உண்மையிலேயே தடை செய்யப்பட்ட அமைப்புகளும் அதில் இருந்தன. ரத்ததான முகாம் நடத்துவதைத் தவிர வேறொன்றும் அறியாத அமைப்புகளும் அவற்றோடு ஒரே வரிசையில் இருந்தன. "நாம் போகிற கூட்டத்தின் பெயரும் இதில் வந்துவிடுமா, ஹஜ்ரத்?" என்று பையன் கேட்டான்.

நான் பதில் சொல்வதற்குள் அவன் அத்தா குறுக்கிட்டார். "பட்டியல் போட்டவன் பெயர் எங்கேடா இருக்கிறது? கையெழுத்தில்லாத சிட்டையை நான் கடையில் வாங்குவேனா?"

சகோதரர்களே! படித்த மேதைகள் தொலைக்காட்சியில் மணிக்கணக்கில் பேசியும் தொடாத இடத்தை அந்த வியாபாரி ஒரே வார்த்தையில் தொட்டுவிட்டார். நம் கடையில் இருக்கும் தராசுக்கு முத்திரை வேண்டும். முத்திரை ஆய்வாளர் வந்து பார்ப்பார். முத்திரை இல்லையென்றால் அபராதம் விதிப்பார். கால் கிலோ முந்திரிப் பருப்பை நிறுக்கும் தராசுக்கே இவ்வளவு கட்டுப்பாடு. ஒரு மனிதனின் மானத்தையும், ஒரு இளைஞனின் எதிர்காலத்தையும், ஒரு சமுதாயத்தின் பெயரையும் நிறுக்கிறவர்களின் எடைக்கல்லில் முத்திரை இருக்கிறதா? இந்த இதழில் நாம் கேட்கும் கேள்வி இதுதான்.

கண்காணிப்பே வேண்டாம் என்கிறோமா?

இல்லை! ஒருபோதும் இல்லை! இதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறோம்.

இந்த நாட்டில் மதத்தின் பெயராலும், மொழியின் பெயராலும், கொள்கையின் பெயராலும் ரத்தம் சிந்த வைக்கிற கூட்டங்கள் இருந்தன, இருக்கின்றன. 1993 ஆகஸ்டில் சென்னை சேத்துப்பட்டு ஆர்.எஸ்.எஸ். அலுவலகத்தில் குண்டு வெடித்து 11 உயிர்கள் போயின. 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் தொடர் குண்டுகள் வெடித்து 58 பேர் இறந்தார்கள், 200 பேருக்கு மேல் காயமடைந்தார்கள். காய்கறி வாங்க வந்தவர்கள், ரயிலேற வந்தவர்கள், மருத்துவமனை வாசலில் நின்றவர்கள். அவர்கள் யாருக்கு என்ன தீங்கு செய்தார்கள்?

அதற்கு முன் 1997 நவம்பரில் காவலர் செல்வராஜ் கொல்லப்பட்டதையும், அதைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டதையும், நம் கடைகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டதையும் நாம் மறக்கவில்லை. அந்த அநீதிக்கு உரிய நீதி கிடைக்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் அந்த அநீதி இந்தக் குண்டுகளுக்கு நியாயமாகிவிடாது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று நம் ஊரில் சொல்வார்கள். குண்டு வைத்தவன் ஒருவன். அதன் விலையைக் கொடுத்தது கோட்டைமேட்டுத் தாய்மார்கள், உக்கடத்து வியாபாரிகள், வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் ஊரின் பெயரைச் சொல்லத் தயங்கிய இளைஞர்கள். ஒரு தலைமுறையே அந்தக் கடனை அடைத்தது.

ஆகவே வன்முறை செய்கிறவனையும், அதற்குத் திட்டம் போடுகிறவனையும் அரசு கண்காணிக்கத்தான் வேண்டும். முதலில் கண்காணிக்கச் சொல்ல வேண்டியவர்களே நாம்தான். நம் சண்டை கண்காணிப்போடு அல்ல. கள்ளத் தராசோடு!

செயலை நிறுங்கள், பெயரை அல்ல

நம் பகுதியின் வரலாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். 1987 மார்ச்சில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. மலைக்கோட்டை விரைவு ரயில் கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். தமிழ்நாடு விடுதலைப் படை மீது குற்றம் சாட்டப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் முதல் தேதி அதன் தலைவர் தமிழரசன் பொன்பரப்பியில் வங்கியைக் கொள்ளையடிக்க வந்தபோது அடித்துக் கொல்லப்பட்டார். விருத்தாசலம், பெண்ணாடம் பக்கத்துக் கிராமங்களில் பல ஆண்டுகள் கியூ பிரிவின் நடமாட்டம் இருந்தது. ஆனால் 'தமிழ் பேசுகிறவனெல்லாம் பயங்கரவாதி' என்று எந்தப் பத்திரிகையாவது எழுதியதா? எழுதவில்லை. எழுதக் கூடாது. அந்த நியாயம் நமக்கு மட்டும் ஏன் இல்லை?

அரசின் எடைக்கல்லைப் பாருங்கள். தடா சட்டம் 1985ல் வந்து 1995ல் காலாவதியானது. 1994 ஜூன் வரை அதில் கைது செய்யப்பட்டவர்கள் 76,000க்கும் மேல். தண்டனை பெற்றவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. மிச்சம் தொண்ணூற்றெட்டுப் பேரின் இளமையை யார் திருப்பிக் கொடுத்தார்கள்?

1992 டிசம்பர் 6ல் பாபரி மஸ்ஜித் இடிக்கப்பட்டது. டிசம்பர் 10 அன்று மத்திய அரசு ஆர்.எஸ்.எஸ்., வி.எச்.பி., பஜ்ரங்தள் ஆகியவற்றுக்குத் தடை விதித்தது. அதே கையோடு ஜமாஅத்தே இஸ்லாமி ஹிந்தையும் தடை செய்தது. மஸ்ஜிதை இடித்த கூட்டமும், இடிக்கப்பட்ட மஸ்ஜிதுக்காக அழுத கூட்டமும் ஒரே தட்டில்! இதற்கு 'நடுநிலை' என்று பெயர் வைத்தார்கள். பஹ்ரி தீர்ப்பாயம் 1993 ஜூனிலேயே ஆர்.எஸ்.எஸ். மீதான தடையை நீக்கிவிட்டது. ஜமாஅத்தே இஸ்லாமியோ உச்ச நீதிமன்றம் வரை போராட வேண்டியிருந்தது. 1994 டிசம்பர் 7ல்தான் அதன் மீதான தடை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. இரண்டாண்டுத் தடை தானாக முடிவதற்கு மூன்று நாள் இருந்தபோது! நீதி கிடைத்தது, ஆனால் தண்டனையை முழுதும் அனுபவித்த பிறகு கிடைத்தது.

அந்தத் தீர்ப்பு நமக்கு ஒரு பெரிய பாடம் சொல்கிறது. 'எங்களிடம் ரகசிய அறிக்கை இருக்கிறது' என்று உளவுத்துறை சொன்னால் மட்டும் போதாது, அதன் உண்மைத்தன்மையைத் தீர்ப்பாயம் சோதிக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 2023 ஏப்ரல் 5ல் மலையாளத் தொலைக்காட்சியான மீடியா ஒன் வழக்கிலும் இதையே வேறு விதமாகச் சொன்னது. மூடி முத்திரையிட்ட உறையை நீட்டி, தேசப் பாதுகாப்பு என்று சொல்லி, குற்றம் சாட்டப்பட்டவருக்குக் காரணத்தைக்கூடக் காட்டாமல் தண்டிக்க முடியாது என்பதே அதன் சாரம்.

ஒரே மாதம், இரண்டு தீர்ப்புகள்

2025 ஜூலை மாதத்தை எண்ணிப் பாருங்கள். 2006 ஜூலை 11ல் மும்பை ரயில்களில் குண்டுகள் வெடித்து 189 பேர் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் தண்டிக்கப்பட்ட 12 முஸ்லிம்களையும் 2025 ஜூலை 21 அன்று மும்பை உயர் நீதிமன்றம் விடுவித்தது. அவர்களில் ஒருவர் தீர்ப்பைக் கேட்க உயிரோடு இல்லை. மகாராஷ்டிர அரசு உடனே உச்ச நீதிமன்றத்துக்கு ஓடியது. இத்தீர்ப்பை மற்ற வழக்குகளுக்கு முன்னுதாரணமாகக் கொள்ள வேண்டாம், ஆனால் வெளியே வந்தவர்கள் மறுபடி சிறைக்குப் போகத் தேவையில்லை என்றது உச்ச நீதிமன்றம்.

பத்து நாள் கழித்து, ஜூலை 31 அன்று, 2008 மாலேகான் குண்டு வெடிப்பு வழக்கில் பிரக்யா சிங் தாக்கூர், கர்னல் புரோகித் உட்பட ஏழு பேரையும் சிறப்பு நீதிமன்றம் விடுவித்தது. சந்தேகம் ஆதாரமாகாது என்றது. இந்த முறை ஓடுவதற்கு அரசு முந்திக்கொள்ளவில்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பத்தார்தான் உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்கள்.

இப்போது நம் நெஞ்சில் கை வைத்துக் கேட்டுக்கொள்வோம். முதல் தீர்ப்புக்கு நாம் இனிப்பு வழங்கினோம். இரண்டாம் தீர்ப்புக்குக் கொதித்தோம். எதிர்த் தரப்பு இதையே தலைகீழாகச் செய்தது. மும்பையில் செத்த 189 பேர், மாலேகானில் செத்த 6 பேர், இவர்களைக் கொன்றவர்கள் யார்? இரண்டு வழக்கிலும் விடை இல்லை! விசாரணை உண்மையைத் தேடவில்லை. முதலில் ஒரு பெயரைத் தேடிக்கொண்டு பிறகு ஆதாரத்தை அதற்கேற்றாற்போல் தைக்கப் போனார்கள், அல்லது கிடைத்த ஆதாரத்தைக் கோட்டை விட்டார்கள். அப்பாவி உள்ளே போகும்போது குற்றவாளி வெளியே உலவுகிறான். கள்ளத் தராசு நம்மை மட்டும் ஏமாற்றவில்லை. செத்தவனின் குடும்பத்தையும் ஏமாற்றுகிறது.

நேர்மையான எடையும் இந்த நாட்டில் நடந்திருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 2008 ஜனவரி 24ல் தென்காசி ஆர்.எஸ்.எஸ். அலுவலகத்தில் குண்டு வெடித்தது. வழக்கம்போல எல்லோருடைய விரலும் ஒரு பக்கம் நீண்டது. கடைகளை அடைத்துவிட்டு நம் மக்கள் வீட்டுக்குள் ஒடுங்கினார்கள். ஆனால் தமிழகக் காவல்துறை விரல் நீண்ட பக்கம் ஓடாமல், தடயம் காட்டிய பக்கம் போனது. இந்து முன்னணியோடு தொடர்புடையவர்களைக் கைது செய்து, பழியை முஸ்லிம்கள் மேல் போட்டுக் கொந்தளிப்பை உண்டாக்கவே இது நடந்தது என்று அறிவித்தது. சில நாள் நிதானம் ஒரு ஊரைக் காப்பாற்றியது. 'காவல்துறை முழுவதும் நமக்கு எதிரி' என்று மேடையில் முழங்கும் தம்பிமார்கள் தென்காசியை ஒரு முறை நினைத்துப் பார்க்கட்டும்.

தனியார் காவல் நாய்கள்

அரசை விட்டுத் தனியாரிடம் வருவோம். தீவிரவாதக் குழுக்களைக் கவனித்து அறிக்கை வெளியிடுவதையே தொழிலாகக் கொண்ட அமைப்புகள் இன்று உலகெங்கும் உள்ளன. இவர்களின் நோக்கம் என்ன? பணம் எங்கிருந்து வருகிறது?

அமெரிக்காவில் சதர்ன் பாவர்ட்டி லா சென்டர் என்று ஓர் அமைப்பு. 1971ல் தொடங்கியது. கறுப்பின மக்களைத் தூக்கிலிட்டும் எரித்தும் வந்த கூ கிளக்ஸ் கிளான் கூட்டத்தை 1981 முதல் தனிப்பிரிவு வைத்துக் கவனித்தது. மைக்கேல் டொனால்டு என்ற இளைஞரைக் கொன்ற கிளான் அமைப்பின் மீது அவருடைய தாய்க்காக வழக்குப் போட்டு, 1987ல் 70 லட்சம் டாலர் இழப்பீடு தீர்ப்புப் பெற்றது. கடைசியில் அந்தக் கூட்டத்தின் தலைமையகக் கட்டடமே அந்த ஏழைத் தாயின் கைக்கு வந்தது. இதுவல்லவா கண்காணிப்பு!

அதே அமைப்பு பிற்காலத்தில் 'முஸ்லிம் விரோதத் தீவிரவாதிகள்' என்று ஒரு பட்டியல் போட்டது. அதில் மாஜித் நவாஸ் என்ற பிரிட்டிஷ் முஸ்லிமையும் சேர்த்தது. அவருடைய கருத்துகள் நமக்கு உடன்பாடானவை அல்ல. ஆனால் கருத்து வேறு, தீவிரவாதம் வேறு. 2018ல் அந்த அமைப்பு பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு 33 லட்சத்து 75 ஆயிரம் டாலர் கொடுக்க வேண்டி வந்தது. அடுத்த ஆண்டு அதன் நிறுவனரையே வேலையிலிருந்து நீக்கியது. கோடிக்கணக்கான டாலர் கையிருப்பு வைத்துக்கொண்டு மேலும் மேலும் அச்சத்தைக் காட்டி நன்கொடை திரட்டுகிறார்கள் என்ற விமர்சனம் அதன் மீது நெடுநாளாக உண்டு. எலி பிடிக்கச் சம்பளம் வாங்குகிறவன் எலியே இல்லை என்று எந்த நாளும் எழுதிக் கொடுக்க மாட்டான்!

1913ல் தொடங்கிய யூத அமைப்பான ஆன்டி டிஃபமேஷன் லீக்கும் கிளான், நாஜிக் கூட்டங்களைக் கவனித்து வந்ததுதான். 1993ல் சான்பிரான்சிஸ்கோவில் அதன் அலுவலகம் சோதனையிடப்பட்டபோது, அதற்கு வேலை பார்த்த ஒருவர் ஏறத்தாழ 10,000 தனி மனிதர்களைப் பற்றிக் கோப்புகள் வைத்திருந்தது வெளியே வந்தது. அந்தக் கோப்புகளில் அரபு அமெரிக்கர்கள் இருந்தார்கள், தென்னாப்பிரிக்க நிறவெறியை எதிர்த்தவர்களும் இருந்தார்கள்! அமைப்பு தவறை ஒப்புக்கொள்ளவில்லை. வழக்குகள் சமரசத்தில் முடிந்தன. நாஜியைத் தேடுகிறேன் என்று புறப்பட்டவர்கள் தங்கள் அரசியலுக்குப் பிடிக்காதவர்களையும் சேர்த்து எண்ணினார்கள்.

நியூயார்க் போலீஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. 2001க்குப் பிறகு ஒரு தனிப்பிரிவு வைத்து மஸ்ஜிதுகளிலும், முஸ்லிம்களின் டீக்கடைகளிலும், மாணவர் சங்கங்களிலும் ஆள் வைத்து வேவு பார்த்தது. ஆறாண்டு வேவுக்குப் பிறகு, அந்தப் பிரிவின் வேலையிலிருந்து ஒரு பயங்கரவாத வழக்குக்கான துப்புகூடக் கிடைக்கவில்லை என்று 2012ல் அதன் உயரதிகாரியே சாட்சியம் சொன்னார். 2014ல் அந்தப் பிரிவைக் கலைத்தார்கள். டீ குடிப்பவனை எண்ணிக்கொண்டிருந்தால் குண்டு வைப்பவன் எப்படி அகப்படுவான்?

நம் நாட்டிலும் இரு வகை உண்டு. பஞ்சாப் போலீஸ் தலைவராக இருந்த கே.பி.எஸ். கில் 1997ல் தொடங்கிய நிறுவனம், தெற்காசியத் தீவிரவாதக் குழுக்களைப் பற்றிப் பட்டியலும் புள்ளிவிவரமும் வெளியிட்டு வருகிறது. பத்திரிகைகள் அதை வேதவாக்காக எடுத்தாள்கின்றன. போலீஸ் அதிகாரியின் கண்ணாடி வழியே பார்த்த பார்வை என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும். மறுபக்கம், நெருக்கடி நிலைக் காலத்தில் 1976ல் ஜெயப்பிரகாஷ் நாராயண் முயற்சியில் பிறந்த பி.யூ.சி.எல்., போலீஸையே கண்காணிக்கிறது. கோவைக் கலவரத்துக்குப் பின் நமக்காகப் பேசியவர்கள் நம் மார்க்கத்தைச் சேராத மனித உரிமைப் போராளிகள்தான். இந்த நன்றி நம்மிடம் இருக்க வேண்டும்.

வாஷிங்டனிலிருந்து இயங்கும் இந்தியா ஹேட் லேப், சிறுபான்மையினருக்கு எதிரான வெறுப்புப் பேச்சுக் கூட்டங்கள் 2023ல் 668, 2024ல் 1,165 என்று கணக்குச் சொன்னது. அதன் நிறுவனர் நடத்திவந்த இந்துத்துவா வாட்ச் சமூக ஊடகக் கணக்கு 2024 ஜனவரியில் இந்தியாவில் முடக்கப்பட்டது. இந்த எண்களை நம் மேடைகளில் எல்லோரும் சொல்கிறோம். சொல்லலாம். ஆனால் அது சிறுபான்மையினருக்கு எதிரான பேச்சை எண்ணுவதற்கென்றே வைத்த தராசு. நம் ஆட்களில் ஒருவர் மேடையில் வாய்க்கு வந்ததைப் பேசினால் அது அந்தக் கணக்கில் வராது. அதற்காக அந்தப் பேச்சு ஹலாலாகிவிடுமா? நமக்குச் சாதகமான பட்டியலையும் புரட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மூன்று மாநிலங்களுக்கும், 2023 ஏப்ரல் 28ல் எல்லா மாநிலங்களுக்கும் இட்ட உத்தரவு என்ன? வெறுப்புப் பேச்சுக்குப் புகார் வரும் வரை காத்திராமல், பேசியவர் எந்த மதத்தவர் என்று பாராமல் வழக்குப் பதிய வேண்டும் என்பது! நாம் கேட்கும் ஒரே தராசு அதுதான்.

மூன்று கேள்விகள்

அரசாகட்டும், தொலைக்காட்சியாகட்டும், உள்நாட்டு, வெளிநாட்டு நிறுவனமாகட்டும், யார் பட்டியல் நீட்டினாலும் மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒன்று: செயலை நிறுக்கிறாயா, பெயரையும் தாடியையும் நிறுக்கிறாயா? ஒரே குற்றத்தை இரண்டு பேர் செய்தால் இருவருக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறாயா?

இரண்டு: உனக்குக் கூலி கொடுப்பவர் யார்? கணக்கைக் காட்டுகிறாயா?

மூன்று: தவறு செய்தால் பகிரங்கமாகத் திருத்துகிறாயா? தவறாக எடை போடப்பட்டவனுக்கு ஈடு கொடுக்கிறாயா?

மூன்றாவது கேள்வியில்தான் நம் அரசாங்கங்கள் தோற்கின்றன. அமெரிக்காவின் தனியார் அமைப்பு தவறுக்குப் பணம் கட்டியது. ஒன்பது ஆண்டுக்கு மேல் கோவைச் சிறையில் கிடந்து 2007 ஆகஸ்ட் முதல் தேதி விடுதலையான மஅதனிக்கு அந்த ஆண்டுகளுக்காக எவர் என்ன கொடுத்தார்? அக்ஷர்தாம் வழக்கில் தூக்குத் தண்டனை வரை போய், 2014 மே 16ல் உச்ச நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டவர்களுக்கு என்ன கிடைத்தது? இப்படியிருக்க, 2019ல் உபா சட்டத்தைத் திருத்தி, நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமலே ஒரு தனி மனிதனைப் 'பயங்கரவாதி' என்று அறிவிக்கும் அதிகாரத்தையும் எடுத்துக்கொண்டார்கள். எடைக்கல்லும் அவர்களுடையது, முத்திரையும் அவர்களுடையது!

நம் வீட்டுத் தராசு

சகோதரர்களே! மற்றவர் தராசைப் பேசிவிட்டு நம் தராசை மறைத்தால், அளவையில் மோசடி செய்வோரைக் கண்டித்து ஒரு தனி அத்தியாயமே இறங்கியிருப்பதை நாம் ஓதி என்ன பயன்?

தீயவன் ஒரு செய்தி கொண்டுவந்தால் தீர விசாரியுங்கள் என்று அல்ஹுஜுராத் அத்தியாயம் நமக்குக் கட்டளையிடுகிறது. சந்தேகத்தையும் பிறர் குறையைத் துருவுவதையும் அதே அத்தியாயம் தடுக்கிறது. ஆகவே 'அவன் உளவாளி, இவன் போலீஸ் கையாள்' என்று பள்ளிவாசல் திண்ணையில் முத்திரை குத்துகிறவர்களே! வாட்ஸ்அப்பில் பட்டியல் போட்டவனுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?

ஆனால் அநீதி செய்யும் சகோதரனுக்கும் உதவ வேண்டும், அவன் கையைப் பிடித்துத் தடுப்பதே அந்த உதவி என்று நபிகள் நாயகம் (ஸல்) நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். துருவுவது வேறு, தடுப்பது வேறு. 2022 அக்டோபர் 23ல் கோவை கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்பு கார் வெடித்து அதிலிருந்த இளைஞர் இறந்தபோது கோவை ஜமாஅத்தார் வாய் மூடி இருக்கவில்லை. வன்முறைக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்று சொன்னதோடு நிற்காமல், அந்தக் கோயிலுக்கே சென்று நிர்வாகத்தாரைச் சந்தித்தார்கள். 1998ல் இந்த வாய்ப்பு நமக்குக் கிடைக்கவில்லை, அல்லது நாம் எடுத்துக்கொள்ளவில்லை. இருபத்து நான்கு ஆண்டில் அந்த ஊர் கற்ற பாடத்தை மற்ற ஊர்கள் ரத்தம் சிந்தாமலே கற்றுக்கொள்ளட்டும்.

இளைஞனே! உன்னை ஒருவன் தனியே அழைத்து, 'இதை அத்தாவிடம் சொல்லாதே, ஜமாஅத்திடம் சொல்லாதே' என்று சொன்னால், அங்கேயே எழுந்து வா. நல்ல காரியத்துக்குக் கதவைச் சாத்த வேண்டியதில்லை. அவன் உண்மையான வெறியனா, உன்னை மாட்டிவிட வந்தவனா என்று ஆராய்ந்துகொண்டிருக்காதே. இரண்டிலும் அழிவது நீதான். தடை செய்யப்பட்ட அமைப்பின் பெயரில் கூடுவதோ, கொடி பிடிப்பதோ வேண்டாம். 2022 செப்டம்பர் 28ல் பாப்புலர் ஃப்ரண்ட் மீது ஐந்தாண்டுத் தடை வந்தது. 2023 மார்ச்சில் தீர்ப்பாயம் அதை உறுதி செய்தது. அதே மார்ச் 24 அன்று, தடை செய்யப்பட்ட அமைப்பில் உறுப்பினராகத் தொடர்வதே குற்றம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தடை நியாயமா இல்லையா என்பதை நீதிமன்றத்தில் வாதாட வேண்டும். உன் வாழ்க்கையைப் பணயம் வைத்து வாதாடாதே. உபாவில் ஜாமீன் கிடைப்பது குதிரைக் கொம்பு.

வணிகப் பெருமக்களே! நீங்கள் கொடுக்கும் கை. அல்லாஹ் அதில் பரக்கத் செய்வானாக. ஆனால் ரசீது இல்லாமல் ஒரு மூட்டை கொட்டையைக்கூட ஏற்றிவிடாத நீங்கள், வசூலுக்கு வந்தவன் தொப்பி போட்டிருக்கிறான் என்பதற்காகக் கேள்வி கேட்காமல் நோட்டை நீட்டுவது ஏன்? எந்த இயக்கமானாலும், எங்கள் இயக்கமே ஆனாலும், ரசீது கேளுங்கள். பதிவு எண் கேளுங்கள். ஆண்டுக் கணக்கைக் கேளுங்கள். கணக்குக் கேட்டால் கோபிக்கிறவனிடம் உங்கள் ஜகாத் போய்ச் சேர வேண்டாம். மடியில் கனமில்லாதவனுக்குத்தான் வழியில் பயமில்லை.

ஜமாஅத் நிர்வாகிகளே! உயிருக்கு ஆபத்தான திட்டம் ஒன்று உண்மையாகவே தெரிய வந்தால் மறைப்பது ஹராம். வழக்கறிஞரை வைத்துக்கொண்டு காவல்துறையிடம் முறைப்படி சொல்லுங்கள். ஆனால், மஃப்டியில் ஒருவர் வந்து 'தொழ வருகிறவர்களின் பட்டியல் கொடு' என்றால், எழுத்தில் கேளுங்கள் என்று பணிவாகச் சொல்லுங்கள். உங்கள் பையனை விசாரணைக்கு அழைத்தால் எழுத்துப்பூர்வமான நோட்டீஸ் கேளுங்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 35ஆம் பிரிவு அதற்கு வழி சொல்கிறது. கைது செய்தால் குடும்பத்துக்குத் தகவல் தர வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். 1996 டி.கே. பாசு தீர்ப்பும் அரசியல் சட்டத்தின் 22ஆம் பிரிவும் தந்த உரிமை அது.

இந்த உரிமைகளின் விலை தெரிய தூரம் போக வேண்டாம். நம் பக்கத்து முதனை கிராமத்தின் ராஜாக்கண்ணு 1993ல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் அடித்தே கொல்லப்பட்டார். அவர் முஸ்லிம் அல்ல. கேட்க நாதியற்ற குறவர் சமூகத்து ஏழை. அவருடைய மனைவியின் உறுதியும், உள்ளூர் கம்யூனிஸ்டுகளின் துணையும், வழக்கறிஞர் சந்துருவின் வாதமும்தான் உண்மையை வெளியே கொண்டுவந்தன. முத்திரை இல்லாத தராசில் முதலில் நசுங்குகிறவன் யாருமற்ற ஏழை. ஆகவே இது நம் சமுதாயத்தின் பிரச்சினை மட்டும் அல்ல. ராஜாக்கண்ணுக்காக நாமும், நமக்காக அவர்களும் குரல் கொடுக்கும் நாளில்தான் தராசு நேராகும்.

காடாம்புலியூர்ப் பையனுக்கு நான் சொன்ன பதிலையே இங்கும் சொல்லி முடிக்கிறேன். "தம்பி, நாளைக்கு உன் பெயரும் ஏதாவது பட்டியலில் வரலாம். வராது என்று உனக்கு உறுதி சொல்ல என்னால் முடியாது. ஆனால் வந்தால், உன் கணக்கை எந்த நீதிபதி முன்னாலும் திறந்து காட்ட முடிகிற மாதிரி வாழ்ந்துகொள். பிறகு பட்டியல் போட்டவனைப் பார்த்து, 'உன் கணக்கை நீ காட்டு' என்று தலை நிமிர்ந்து கேள்."

அவன் அந்தப் பட்டியலை யாருக்கும் அனுப்பாமல் அழித்தான். அவன் அத்தா தராசைத் துடைத்துவிட்டு அடுத்த மூட்டையை ஏற்றினார்.

சிந்திப்போம்! ஒன்றுபடுவோம்! நீதியின் மீது நிலைத்திருப்போம், இன்ஷா அல்லாஹ்!

வஸ்ஸலாம்.